விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவும்

வங்கத் தலைநகரில் குடிபுகுந்து வாழும் தமிழராகிய நாம் ஆண்டு மலர் தொகுக்கத் தொடங்கும்போதெல்லாம், இந்நகருக்குத் தமிழர் செய்த தொண்டு என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வேண்டும் என்று ஒருவரேனும் சொல்வது வழக்கம். அக்கட்டுரையில் சர் சி. வி. ராமன் அவர்களின் பெயர் முதற்கண் வரும். அவரது படமும் வரும். அவரோடு தோளோடு தோள் நின்று உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் அவர்களைப் பற்றி ஒரு வரி வரும். சில ஆண்டுகளில் அதுவும் வராது. இக்குறை நம்முடையதே. இம்முறை அதை ஓரளவேனும் நீக்கிக்கொள்வோம் என்ற எண்ணத்துடன் இக்கட்டுரையை எழுதப் புகுகின்றோம்.

எழுதுமுன் பழைய பௌபஜார் வீதியை ஒருமுறை பார்த்து வருவோம் என்று சென்றோம். அவ்வீதிக்கு இப்பொழுது விபின் பிஹாரி கங்குலி வீதி என்று பெயர். 210-ஆம் எண்ணில் கோயங்கா வணிகவியல் கல்லூரி நடைபெறுகின்றது. மகேந்திரலால் சர்க்கார் என்ற பெருந்தகை மருத்துவர் 1876-ஆம் ஆண்டில் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்த முகவரி அதுதான். கழகம் ஜாதவ்பூருக்குக் குடிபெயர்ந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. கணக்கியல் பயிலும் மாணவர் கூட்டம் உள்ளும் புறமும் சென்றுகொண்டிருந்தது. அவர்களை நிறுத்தி, 1928-இல் இவ்விடத்தில் என்ன நிகழ்ந்தது தெரியுமா என்று கேட்க நமக்கு உரிமையில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே அறியார்.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சதுரகிரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் அது. தந்தையார் உழவுத் தொழிலோடு தமிழும் வடமொழியும் கற்றவர். ஸ்ரீவில்லிபுத்தூர் உயர்நிலைப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னைக் கிறித்துவக் கல்லூரி என அவர் கல்வி படிப்படியாக வளர்ந்தது. படித்து முடித்த கிறித்துவக் கல்லூரியிலேயே இரசாயனத்துறையில் செயல்முறை ஆசிரியராகச் சில காலம் பணிபுரிந்தார். அங்கே நண்பகல் உணவு வேளையில் அவர் ஒரு பேச்சரங்கம் நடத்தி வந்தார். பௌதிகம், இரசாயனம், கணிதம் எதிலாயினும் ஐயம் உடையோர் வரலாம், கேட்கலாம். நாளடைவில் பிற கல்லூரி மாணவரும் வந்து கலந்துகொண்டனராம். பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் இவ்வாறு பிறரைத் தம்பால் ஈர்த்த இளைஞர், பின்னாளில் எங்கு சென்றாலும் அவரைச் சூழ்ந்து ஒரு கூட்டம் அமர்ந்திருந்ததில் வியப்பில்லை.

1920-ஆம் ஆண்டில் அவர் கல்கத்தாவுக்கு வந்தார். அக்காலத்தில் தென்னாட்டு இளைஞருக்கு இந்நகரம் இருவகையில் புகலிடமாயிருந்தது. எழுத்தர் வேலையும் சுருக்கெழுத்தர் வேலையும் தேடி வந்தோர் ஒருபுறம். ராமனை நாடி வந்தோர் மற்றொருபுறம். ராமன் 1907-இல் நிதித்துறை அதிகாரியாக இங்கு வந்து, அலுவல் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபஜார் கழகத்தில் ஆராய்ச்சி நடத்தி, 1917-இல் அரசாங்க வேலையைத் துறந்து பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியரானவர். கிருஷ்ணன் முதலில் பல்கலைக்கழக விஞ்ஞானக் கல்லூரியில் பயின்று, 1923-இன் இறுதியில் கழகத்தில் முழுநேர ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார்.

அவ்விடம் எத்தகையது என்பதை இன்றைய வாசகர் அறிதல் வேண்டும். பெரும்பொருள் கிடையாது, பெருங்கருவிகளும் கிடையா. ஆஷுபாபு என்று அனைவரும் அன்போடு அழைத்த ஆஷுதோஷ் டே என்னும் வங்காளியார் ராமனுக்கு வலக்கை போல் இருந்தார். பல்கலைக்கழகப் படியேறாத அவர், ராமனோடு இணைந்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் தகுதி பெற்றார். வெங்கடேசுவரன் என்ற தமிழர், பகலில் அரசாங்கப் பரிசோதனைச் சாலையில் அலுவல் பார்த்துவிட்டு, ஓய்வு நேரத்தில் இங்கு வந்து கருவிகளின் முன் அமர்வார். சம்பளத்துக்கு ஓரிடமும் மனநிறைவுக்கு மற்றோரிடமுமாக வாழும் வழக்கம் இந்நகரத் தமிழருக்குப் புதிதன்று என்பதை நம் சங்க உறுப்பினர் நன்கறிவர்!

அங்கு நடந்த ஆராய்ச்சி, ஒளி எவ்வாறு சிதறுகின்றது என்பது. 1921-இல் ஐரோப்பா சென்று கப்பலில் திரும்புங்கால் கடலின் நீலம் ராமனின் சிந்தையைக் கவர்ந்தது. அது முதல் நீர்மங்களிலும் வாயுக்களிலும் ஒளி சிதறுவதை அவரும் மாணவரும் அளந்து வந்தனர். ஒரு நிற ஒளியை நீர்மத்தில் செலுத்தினால், சிதறி வெளிவருவதும் அதே நிறமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பழங்கொள்கை. ஆயினும் மிக மங்கலாக வேறொரு நிறமும் உடன் வருவதுபோல் சிற்சில சமயங்களில் தென்பட்டது. அது நீர்மத்திலுள்ள அழுக்கினால் விளைவதோ, அன்றிப் பொருளின் இயல்போ என்பதே வினா. 1928 ஜனவரியில் வெங்கடேசுவரன் தூய கிளிசரினில் அந்த மங்கலொளியைப் பச்சை நிறத்தில் கண்டு, அது சாதாரண ஒளிர்வைப் போல் நடந்துகொள்ளவில்லை என்று காட்டினார். ஆனால் அவர் அலுவலுக்குச் செல்ல வேண்டியவர். அப்பணியை இடையறாது நடத்த முழுநேர ஆள் ஒருவர் தேவைப்பட்டார்.

கிருஷ்ணன் அப்பொழுது கணக்கும் கொள்கையுமாக மேசையில் மூழ்கியிருந்தார். சோதனையை விட்டு நெடுநாள் விலகியிருத்தல் விஞ்ஞானிக்கு நலமன்று என்று சொல்லி, ராமன் அவரை இருட்டறைக்குள் இழுத்து வந்தார். இதை நாம் அறிவது கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பினால். அந்நாட்குறிப்பைப் பற்றிய ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தின் வரலாற்று ஏட்டில் வெளியாயிற்று. நாம் இங்குச் சொல்லப் போகும் செய்திகள் பலவற்றுக்கும் அதுவே ஆதாரம்.

சோதனை எளியது, கண்ணுக்கும் பொறுமைக்கும் மட்டுமே கடினமானது. சூரிய ஒளியை 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி ஆடியால் குவித்து, ஊதா நிறக் கண்ணாடி வழியே செலுத்தி, நீர்மம் அடைத்த குமிழில் விழச் செய்வர். பார்ப்பவருக்கும் குமிழுக்கும் இடையில், ஊதாவை முற்றும் தடுக்கும் பச்சைக் கண்ணாடி ஒன்றை வைப்பர். பழங்கொள்கை மெய்யாயின் இருள்தான் தெரிய வேண்டும். கிருஷ்ணன் இருளைக் காணவில்லை. மெல்லிய ஒளித்தடம் ஒன்றைக் கண்டார். நீர்மங்களை வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் மெதுவாகக் காய்ச்சி வடித்துத் தூய்மை செய்தபின்னும் அத்தடம் மறையவில்லை. சென்னையில் கற்ற இரசாயனக் கைத்திறம் பௌபஜாரில் பயன்பட்டது என்க. ஏறக்குறைய 60 நீர்மங்களைச் சோதித்தனர்; ஒன்று தவறாமல் எல்லாம் அவ்வொளியைக் காட்டின.

பிப்ரவரி 7-ஆம் நாள் காலை இருவரும் சேர்ந்து பார்த்தனர். அன்றிரவு 9 மணியளவில் ராமன் திடுமெனக் கிருஷ்ணன் குடியிருந்த வீட்டுக்கு வந்து பெயர் சொல்லி அழைத்தார். கிருஷ்ணன் கீழே இறங்கி வந்தார். காலையில் கண்டது பல்லாண்டுகளாகத் தேடி வந்த விளைவேதான் என்று பேராசிரியர் மிகுந்த கிளர்ச்சியுடன் சொன்னார். கால்மணி நேரத்துக்கு மேல் வீட்டின் முன்னால் நின்றபடியே பேசினர். ஆசிரியர் மாணவரை மறுநாள் காலை வரவழைத்துச் சொல்லியிருக்கலாம்; அதுவரை பொறுக்க அவரால் இயலவில்லை. சொல்வதற்கு முதலில் அவர் தேடியது கிருஷ்ணனை. இச்செய்தியைப் படித்தபோது, இவ்விருவரிடையே யார் பெரியர், யார் சிறியர் என்று பின்னாளில் எழுந்த வாதங்களெல்லாம் நமக்கு மிகச் சுவையற்றனவாகத் தோன்றின.

அந்த மாதத்தின் பிற நாட்களும் மனித வாழ்வின் இயல்பான இடையூறுகளோடு கூடியவையே. உற்று உற்றுப் பார்த்ததாலோ என்னவோ, பிப்ரவரி நடுவில் கிருஷ்ணனின் இடக்கண்ணில் நோவு கண்டது. சில நாட்களுக்குப் பார்வை வேலையைத் தாமே செய்வதாக ராமன் ஏற்றுக்கொண்டார். 27-ஆம் நாள் கிருஷ்ணன் இல்லத்தில் சமயச் சடங்கொன்று நடந்தமையால் அவர் கழகத்துக்குச் செல்லவில்லை. வெளியூரில் வாழ்ந்தும் வீட்டுக் கடமையை விடாத தமிழ்க் குடும்பம்! மறுநாள், அதாவது 28-ஆம் நாள், பிற்பகலில்தான் சென்றார். ராமன் அங்கிருந்தார். இருவரும் சோதனையைத் தொடர்ந்தனர். நிறமாலை காட்டும் கருவி வழியே நோக்கியபோது, மூல ஒளிக்கும் மாறிய ஒளிக்கும் நடுவே இருண்ட இடைவெளி ஒன்று தெளிவாகத் தெரிந்தது. புதிய ஒளி தனியே நிற்கின்றது, ஐயத்துக்கு இடமில்லை. 1987 முதல் நாடெங்கும் தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுவது அந்தப் பிப்ரவரி 28-தான்.

இங்கு நாம் சற்றே நின்று, பலரும் கேட்கும் கேள்வியை நேர்முகமாகப் பார்த்தல் வேண்டும். 'நேச்சர்' என்னும் ஆங்கில ஏட்டில் அவ்வாண்டு அடுத்தடுத்து மூன்று குறிப்புகள் வெளியாயின. பிப்ரவரி 16 தேதியிட்ட முதற்குறிப்பு மார்ச் 31-இல் வந்தது. ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் அதில் உண்டு. மார்ச் 8 தேதியிட்ட இரண்டாவது, ஏப்ரல் 21-இல் வந்தது. அதில் ராமன் பெயர் மட்டுமே. மே 5-இல் வந்த மூன்றாவதில் மீண்டும் இருவர் பெயரும் காண்கின்றன. நிறமாலையில் கண்ட செய்தியை உலகுக்கு அறிவித்தது நடுவில் உள்ள குறிப்பே. 1930-ஆம் ஆண்டு நோபெல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனுக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று கூறுவோர் அன்றும் இருந்தனர்; இன்றும் உளர்.

நம் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். நடுக்குறிப்பில் இரண்டாவது பெயரும் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் வரலாறு செம்மையுற்றிருக்கும். எனினும், ஏழாண்டுக் காலம் விடாது அவ்வினாவை உயிர்ப்பித்து, பலரையும் அதில் ஈடுபடுத்தி, கிருஷ்ணனைக் கொள்கையினின்று சோதனைக்கு அழைத்து வந்தவர் ராமன். மார்ச் 16-ஆம் நாள் பெங்களூரில் தென்னிந்திய விஞ்ஞானச் சங்கத்தின் முன் நிகழ்த்திய சொற்பொழிவில், கிருஷ்ணனின் ஒத்துழைப்பையும் வெங்கடேசுவரனின் உதவியையும் பெயர் சொல்லி அவர் போற்றினார். கிருஷ்ணனோ தம் பங்கு இவ்வளவு என்று எக்காலத்திலும் பொதுவில் கேட்டாரில்லை. ஒருவரை உயர்த்தும் பொருட்டு மற்றொருவரைத் தாழ்த்தும் நினைவுக் கட்டுரையைக் கிருஷ்ணன் விரும்பியிருப்பார் என்று நாம் நம்பவில்லை. அதே வேளையில், அவர் பேசாதிருந்தார் என்பதற்காக நாமும் பேசாதிருப்பது முறையன்று. இருட்டறையில் முதலில் கண் நோக நின்றவர் பெயரைச் சொல்லத்தான் வேண்டும். மாஸ்கோவிலும் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்ற இருவர் அதே மாதத்தில் படிகங்களில் அதே விளைவைக் கண்டனர் என்பதையும், நடுநிலை கருதி, ஈண்டுக் குறிக்கின்றோம்.

அவ்வாண்டுக் கோடையில் ராமனின் உடன்பிறந்தார் மகனான சந்திரசேகர் என்ற 17 வயது மாணவர் சென்னையிலிருந்து கழகத்துக்கு வந்து தங்கினார். கருவிகளோடு பழகித் தம் கை அதற்கு உகந்ததன்று எனக் கண்டுகொண்டார். கிருஷ்ணனோடு அளவளாவும் பேறும் பெற்றார். 1983-இல் நோபெல் பரிசு பெற்ற வானியல் மேதை அவரே.

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்குப் பௌதிகத்துறையில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார். படிகங்களின் காந்த இயல்பு பற்றிய ஆராய்ச்சியை அங்கேதான் தொடங்கினார். ஐந்தாண்டுகள் அங்குக் கழிந்தன.

1933-இல் அவர் கல்கத்தாவுக்குத் திரும்பியதுதான் நம் சங்கத்தாருக்கு மிகவும் சிந்தித்தற்குரியது. ராமன் பெங்களூருக்குச் செல்லும் தறுவாயில், கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியர் என்ற பதவி உண்டாக்கப்பட்டு, கிருஷ்ணன் அதில் அமர்த்தப்பட்டார். அப்பொழுது நகரின் காற்று இனிதாக இல்லை. ராமன் தென்னாட்டு இளைஞர்க்கே இடமளிக்கின்றார் என்ற மனக்குறை வங்காளிகளிடையே வளர்ந்திருந்தது. கழகத்தின் ஆட்சி பற்றிய பூசல் முற்றி, 1934-இல் ராமனுக்கும் கழகத்துக்கும் இருந்த தொடர்பு அற்றது. பிறந்த மண்ணை விட்டு வந்து பிறர் மண்ணில் பிழைப்போருக்கு இத்தகைய பூசலின் வெப்பம் எப்படியிருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. மனக்குறை முழுதும் பொய் என்று நாம் வாதாட மாட்டோம். ராமன் யாரையும் தம் போக்கில் நடத்திச் செல்லும் இயல்பினர். அந்தப் பூசலின் நடுவில், ராமனால் தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழர் ஒருவர் அதே நாற்காலியில் அமர வேண்டியதாயிற்று.

அவர் அதில் ஒன்பதாண்டுகள் அமர்ந்திருந்தார். சொற்போர் எதிலும் இறங்கினாரில்லை. சாந்திலால் பானர்ஜி, ஆஷுதோஷ் முகர்ஜி, அக்ஷயானந்த போஸ் முதலிய வங்க இளைஞர்கள் அவரோடு உழைத்துத் தத்தம் பெயரை உலக ஏடுகளில் கண்டனர். பிற்காலத்தில் கழகத்தில் காந்தவியல் வேரூன்றி நின்றது அவர்களால். கிருஷ்ணனின் விடை இதுவேயாயிற்று. இதனினும் சிறந்த விடையை எந்தப் பொதுக்கூட்டத்திலும் எவரும் அளித்திருக்க முடியாது என்பது நம் துணிபு.

அவர்கள் செய்த வேலையின் நுட்பத்தைச் சிறிது சொல்வோம். படிகம் என்பது அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய கட்டடம். ஆதலின் காந்தப்புலத்தில் அது எல்லாத் திசையிலும் ஒரே வகையாக நடந்துகொள்வதில்லை. அரிசி மணியினும் சிறிய படிகத்தை மயிரிழையினும் மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டு, காந்தத்தின் துருவங்களுக்கிடையே நிறுத்தி, இழையின் மேல்முனையை மெல்ல மெல்ல முறுக்கிக்கொண்டே வருவர். காந்தம் படிகத்தைத் தன் திசையில் பிடித்து வைத்திருக்கும். முறுக்கு ஓரெல்லையைத் தாண்டியதும் படிகம் சட்டெனப் புரண்டுவிடும். அந்தக் கோணத்தை அளந்தால், படிகத்தினுள் மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று கணக்கிடலாம். உடைக்காமல், கரைக்காமல், உள்ளே கிடப்பதைப் புரளும் ஒரு கணத்திலிருந்து கண்டறியும் முறை இது. பென்சிலில் உள்ள கிராபைட்டின் விந்தையான காந்த இயல்பும் இவ்வாறே நுணுகி ஆராயப்பட்டது. செலவு மிகுந்த கருவி எதுவுமின்றிக் கிருஷ்ணன் அமைத்த இம்முறை உலகெங்கும் பரவியது.

இலண்டனில் காத்லீன் லான்ஸ்டேல் என்ற அம்மையார் இதே துறையில் உழைத்து வந்தார். 1936-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை ராயல் சங்கத்தின் நடவடிக்கைகளில் வெளிவந்தது. கிருஷ்ணன் 1940-இல் அச்சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார்.

1942-இல் அவர் அலகாபாத் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். கல்கத்தா அவரை இழந்தது. 1946-இல் சர் பட்டம்; 1947-இல் டில்லியில் தேசியப் பௌதிக ஆராய்ச்சி நிலையத்தின் முதல் தலைவர் பதவி; 1948-இல் அமைந்த அணுசக்திக் குழுவில் பாபாவோடும் பட்நாகரோடும் உறுப்பினர் பொறுப்பு; 1954-இல் பத்மபூஷண்; 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசு. பதவிகள் பெருகினும், கோப்புகளுக்கு நடுவே கணக்குப் போடுவதை அவர் விட்டாரில்லை. கூடியிருப்போரை மறந்து கேட்கச் செய்யும் கதைகள் அவரிடம் ஏராளம். வடமொழியும் தமிழும் அவருக்கு இரு கண்கள். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுத முடியும் என்று சொன்னதோடு நில்லாமல் எழுதியும் காட்டினார். நேரு அவரை விஞ்ஞானி என்று மட்டும் கூறி அமையாது, முழுமை பெற்ற மனிதர் என்னும் பொருள்பட வியந்துரைத்தார்.

1961-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டில்லியில், 62-ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார்.

ராயல் சங்கம் மறைந்த உறுப்பினர்க்கு நினைவுரை வெளியிடும் வழக்கமுடையது. கிருஷ்ணனுக்கு அதை எழுதியோர் இருவர். ஒருவர் லான்ஸ்டேல் அம்மையார். மற்றவர் ஹோமி பாபா. 1966 ஜனவரியில் விமான விபத்தில் மாண்டவர். நினைவுரை அச்சில் வந்தது 1967-இல். எழுதியவருள் ஒருவரே மறைந்துவிட்ட பின்னரும், இருவர் பெயரையும் இட்டே அதை வெளியிட்டனர்.

டில்லியில் ஆராய்ச்சி நிலையத்தின் எதிரே செல்லும் சாலைக்குக் கிருஷ்ணன் பெயர் சூட்டப்பட்டிருக்கின்றது. நம் நகரில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 1920 முதல் 1942 வரை, டாக்காவில் கழித்த ஆண்டுகள் நீங்கலாக, அவர் இங்கே வாழ்ந்தார். அக்காலத்தில் இந்நகரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர். பௌபஜார் கழகத்தைச் சார்ந்தோரிடமிருந்து வந்த கடிதமோ, கழகத்தில் எடுத்த புகைப்படமோ, பாட்டனார் சொல்லிக் கேட்ட செய்தியோ தங்கள் பெட்டிகளில் உண்டா என்று அன்பர்கள் தேடிப் பார்க்க வேண்டும். வங்க நண்பர்களின் இல்லங்களிலும் விசாரிக்கலாம். அவர் மாணவர் பெரும்பாலோர் அவர்களே அல்லரோ! கிடைப்பதைச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்தால், படியெடுத்துக்கொண்டு மூலத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம். அடுத்த மலரில் சேர்ப்போம்.